மூடிக் கிடந்த சிவப்புப் பிடி

1. நாலு பேர் தூக்கின முதலிடம்

கதிரவெளிப் பக்கத்து ஓடுபாதையில சுமதி முதலாவதா வந்த அண்டைக்கு, அவவைக் கார்ல இருந்து முதலுதவிக்காரர் நாலு பேர் தூக்கித்தான் எடுத்தாங்க. நான் ஸ்டியரிங்கைக் கழட்டினன். பெல்ட்டை அவவே அவிழ்த்தா. ஆனா எழும்பல்ல. "காக்கா, இடுப்புக்குக் கீழ கால் சொல்வழி கேக்குதில்ல" எண்டு மெல்லமாச் சொன்னா. எங்கட பக்கம் அண்ணனைக் காக்கா எண்டுதான் கூப்பிடுற. அந்தப் பக்கம் சனம் விசிலடிக்குது, இந்தப் பக்கம் வெண்டவவைப் பலகையில கிடத்துறாங்க. நான் கழட்டின ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கொண்டு மரம் மாதிரி நிண்டன்.

என்ட பேர் ஹனீபா. காத்தான்குடியில, ஆத்தோரமா, ஷொக் அப்சோபர் திருத்துற கராஜ் வச்சிருக்கன். அதுக்கு முந்திப் பதினெட்டு வருசம் வளைகுடாவில, றேஸ் ஓடுபாதையோட ஒட்டின ஒரு வேலைத்தளத்துல, திறந்த சக்கரக் கார்களுக்கு டம்பர், அதுவும் ஷொக் அப்சோபர்தான், கட்டின ஆள். திறந்த சக்கரம் எண்டா, நாலு டயரும் உடம்புக்கு வெளியால நிக்கிற, ஒரு ஆள் மட்டும் கால் நீட்டிப் படுத்த மாதிரி இருந்து ஓட்டுற ஒல்லிக் கார். இதை நான் எழுதுறது கராஜ் வேலை பழகிறவங்களுக்கும், றேஸுக்கு விதி எழுதுற பெரிய மனிசருக்கும். உள்ளதைச் சொன்னா, பெரிய மனிசருக்குத்தான்.

சுமதி செட்டிபாளையத்துப் புள்ள. வயசு முப்பத்திநாலு. படுவான்கரை வயல் வட்டைகள்ல வேளாண்மை வெட்டுற மெசின் ரெண்டு வச்சிருக்கிறா, ரெண்டில ஒண்டை அவவே ஓட்டுறா. மிச்ச நேரத்துல மோட்டார் சைக்கிள் எஞ்சின் பூட்டின இந்த ஒல்லிக் கார்ல றேஸ் ஓடுறா. அவட முள்ளந்தண்டுல கீழ ஒரு தட்டு பிதுங்கிக் கிடக்கு. டொக்டர் படத்தைக் காட்டி நறுக்கெண்டு சொல்லிப்போட்டார்: ஒண்டில் இந்தத் துள்ளல் நிக்கோணும், இல்லாட்டி றேஸ் நிக்கோணும். றேஸ நிப்பாட்ட அவவுக்கு மனமில்ல. அதனாலதான் துள்ளலை நிப்பாட்டித் தாங்க எண்டு என்ட கராஜுக்கு வந்தா.

2. வால்வுக்கு விழுந்த தடை

துள்ளல் எண்டா என்னெண்டு விளங்கோணும். இந்தக் காலத்து ஒல்லிக் கார்ட அடித்தட்டு காத்தை இழுத்துக் காரை நிலத்தோட ஒட்டவைக்கும். ஒட்டினாத்தான் வளைவில வேகமாப் போகலாம். ஆனா நிலத்துக்குக் கிட்டப் போன உடனே காத்து அறுந்திரும், கார் எழும்பும், மறுகா ஒட்டும், மறுகா எழும்பும். வேகம் நூத்தம்பது கிலோமீட்டர் தாண்டினா இது ஓயாம நடக்கும். கார் கீழ போகாம இருக்க எல்லாரும் ஸ்பிறிங்கை இரும்பு மாதிரி இறுக்கிப்போடுவாங்க. பிறகு குத்தெல்லாம் எங்க போகும்? சீட்டுக்கு. சீட்டுல இருந்து முதுகுக்கு.

அக்டிவ் சஸ்பென்ஷன் எண்டுறது இதுக்கு மருந்து. ஒரு சென்சர் காருக்கும் நிலத்துக்கும் இடையில உள்ள உயரத்தை அளந்துகொண்டே இருக்கும். ஒரு பம்பும் வால்வும் எண்ணெயை உள்ளுக்குத் தள்ளியும் வெளிய எடுத்தும் அந்த உயரத்தை மாறாம வச்சிருக்கும். உயரம் மாறாட்டித் துள்ளல் தொடங்காது. ஸ்பிறிங்கையும் மெத்தெண்டு விடலாம். முடிஞ்சுது கதை.

முடியல்ல. பெரிய றேஸ் உலகம் முப்பது வருசத்துக்கு முந்தியே இதைத் தடை செஞ்சுபோட்டுது. எங்கட ஊர் ஒல்லிக் கார்ச் சங்கமும் அந்த விதியை அச்சுப் பிசகாம எடுத்து எழுதி வச்சிருக்கு. எதிர்ப் பக்கத்து நியாயத்தையும் சொல்லிப்போடுறன், இல்லாட்டி ஹனீபா தன்ட பாட்டைத்தான் பாடினான் எண்டுவாங்க. அவங்க சொல்ற காரணம் மூண்டு. செலவு கூட. மெசின் ஓட்டும், ஆள் சும்மா இருப்பான், திறமைக்கு மதிப்பில்ல. மூண்டாவது, ஓடுற ஓட்டத்துல பழுதானா ஆள் மவுத்து, உசிர் போயிரும்.

செலவா? ஒரு அடித்தட்டை மாத்தி மாத்திச் செஞ்சு கொட்டுற காசுல நாலு பம்ப் வாங்கலாம். அதைப் பத்தி ஒருத்தரும் வாய் திறக்கமாட்டாங்க. திறமையா? வளைவுக்கு எங்க பிறேக் பிடிக்கிற, எந்த டயர் போடுற, முன்னால போறவனை எந்த இடத்துல வெட்டி முந்துற, இதில ஒண்டையும் வால்வு செய்யாது. மூண்டாவதை மட்டும் நான் தட்டிக் கழிக்கமாட்டன். அது மெய்தான். அதுக்கு நான் என்ன செஞ்சன் எண்டு பிறகு சொல்றன், அதுலதான் நானே போய் விழுந்தன்.

வளைகுடாவில நான் வேலைக்குச் சேந்த முதல் கிழமை. இருபத்திமூண்டு வயசு ஓட்டுநர் ஒருத்தன் காரால இறங்கி, வாங்குப் பலகையில இருந்து, தன்ட சப்பாத்துக் கயிறைப் பாத்துக்கொண்டே இருந்தான். அவிழ்க்கக் குனிய ஏலாது. வெக்கப்பட்டு வெக்கப்பட்டு என்னைக் கூப்பிட்டான். நான்தான் அவிழ்த்துவிட்டன். மறுகா மனேஜரிட்டப் போய், உயரத்தைப் பிடிக்கிற வால்வு ஒண்டு வச்சா இந்தக் கஷ்டம் இல்லையே எண்டு கேட்டன். அவர் சிரிச்சார். விதியில இடமில்ல, நீ டம்பரைக் கட்டு எண்டார். கட்டினன், பதினெட்டு வருசம் வாயை மூடிக்கொண்டு கட்டினன். இப்ப கராஜ் என்ட, வாயும் என்ட.

3. வெட்டு மெசின் வால்வு

சாமான் வேற எங்கயும் தேடல்ல. சுமதிட பழைய வெட்டு மெசின் ஒண்டு பழுதாகிக் கிடந்திச்சு. சேத்து வயல்ல ஒரு பக்கம் புதைஞ்சா உடம்பைச் சமமா நிமித்திறதுக்கு அந்த மெசின்ல எண்ணெய் பம்பும் வால்வும் இருக்கு. அதைக் கழட்டி, துடைச்சு, சீல் மாத்தி, அவட றேஸ் கார்ல பூட்டினன். அது நொடிக்கு நூறு தரம் ஆடுற கெட்டிக்கார வால்வு இல்ல. ஆனா வேகம் கூடி, காத்து காரை அமுக்க அமுக்க, எண்ணெயை ஏத்தி உயரத்தைப் பிடிச்சு வச்சிருக்க அது தாராளம்.

முதல் தரம் ஆத்தோரத்து றோட்டுல ஓடிப் பாத்தம். ரெண்டு நாள் அருமையா ஓடிச்சு. மூண்டாம் நாள் முன்பக்கம் பொத்தெண்டு கீழ விழுந்திச்சு. மெல்லமா ஓடினதால ஒண்டும் நடக்கல்ல. பாத்தா, சென்சர் வயர்ட பின்ல பச்சையாப் பூத்திருக்கு. உப்புக் காத்து. எங்கட ஊர்ல சைக்கிள் மணியையே தின்னுற காத்து, என்ட பின்னையா விட்டுவைக்கும்? அந்தக் கிழமையே நாலு மூலைக்கும் கெட்டி ரப்பர்க் கட்டை வச்சன். வால்வு செத்தாலும் கார் நிலத்துல அடிபடாது, கட்டையில குந்திக்கொண்டு ஓடும். முதுகுக்கு நல்லதில்ல, ஆனா ஆள் சாகமாட்டான். ஆபத்துக்கு என்ட மறுமொழி அந்தக் கட்டைதான்.

வெட்டு மெசின்ல அந்த வால்வோட ஒரு சிவப்புப் பிடியும் வரும். அதை மூடினா எண்ணெய் அசையாது, உடம்பு இருந்த இருப்பில நிக்கும். வயலுக்குள்ள திறந்து வைக்கிறது, வயல விட்டுத் தார் றோட்டுக்கு ஏறினா மூடுறது. மூடாட்டி றோட்டுல மெசின் வெறிகாரன் மாதிரித் தள்ளாடும். படுவான்கரையில மெசின் ஓட்டுற அத்தனை பேருக்கும் இது மூச்சு விடுற மாதிரி. காரை லொறியில ஏத்திற நேரம் எனக்கும் அந்தப் பிடி தேவைப்பட்டுது. அதை எங்க வைப்பம் எண்டு யோசிச்சு, மெசின்ல இருந்த மாதிரியே அவட இடது கைக்குக் கிட்ட வச்சன். கைக்குப் பழகின இடம், அவவுக்கு லேசா இருக்கும் எண்டு எனக்குள்ள ஒரு பெருமை வேற. புத்தி கெட்ட வேலை எண்டு அப்ப தெரியல்ல.

4. தறப்பாளுக்குக் கீழ

சங்கத்துட பரிசோதனைத் தலைவர் ஜெகன் சேர். நேர்மையான மனிசன், அதைச் சொல்லத்தான் வேணும். சட்டைப் பையில எப்பவும் பச்சை மைப் பேனை ஒண்டு நிக்கும். அந்தப் பேனையால அவர் முடிவுத் தாள்ல பேர் எழுதினாத்தான் ஒருத்தர் ஓடினதா அர்த்தம். நானும் சுமதியும் டொக்டர்ட கடிதத்தையும் கொண்டுபோய் அவரிட்ட மண்டாடி ஒரு ஓட்டத்துக்கு மட்டும் அனுமதி வாங்கினம். நிபந்தனை ரெண்டு. அந்தச் சாமானால அவவுக்கு வேகம் கூடினதாக் கண்டா முடிவு செல்லாது. ஓட்டத்துல அது பழுதானா இனி ஒருநாளும் அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது.

ஓட்டம் நடந்துது. சுமதி ஏழாவதாத் தொடங்கி ஒவ்வொருத்தரா வெட்டி முதலாவதா வந்தா. நான் ஓரத்துல நிண்டு பாத்தன், கார் துள்ளித் துள்ளித்தான் போகுது. எனக்கு விளங்கல்ல. வால்வு செத்துப்போச்சுப் போல எண்டு நினைச்சன். அவ நிப்பாட்டுவா எண்டு பாத்தன், நிப்பாட்டல்ல. மறுகா நடந்ததுதான் முதல்ல சொன்னது, நாலு பேர், பலகை.

ரெண்டாவதா வந்த கார்ட சொந்தக்காரர் நிஸ்தார் முதலாளி உடனே முறைப்பாடு குடுத்தார். ஏழாவது ஆள் முதலாவதா வந்தது மெசின்ட வேலை, ஆள்ட வேலை இல்ல எண்டு. காரைச் சங்கத்துட தறப்பாள் கூடாரத்துக்குக் கீழ தள்ளிக்கொண்டு போனாங்க. ஜெகன் சேர் டோர்ச் அடிச்சு ஒவ்வொண்டாப் பாத்தார். கடைசியா அவர்ட வெளிச்சம் இடது பக்கத்துல போய் நிண்டிச்சு.

"ஹனீபா பாஸ், இந்தப் பிடி மூடிக் கிடக்கு."

எட்டிப் பாத்தன். மெய்தான். ஒருத்தரும் தொடல்ல, முறைப்பாடு வந்த நேரத்துல இருந்து காவல் போட்டிருந்தாங்க. நான் முதலுதவி வானுக்கு ஓடினன். படுத்த படுக்கையில கிடந்த சுமதிட்டப் பிடி மூடிக் கிடந்ததைச் சொன்னன். கேட்டுப்போட்டு அவ சிரிக்கத் தொடங்கினா, சிரிக்கிற நேரம் நொந்து முகம் சுருங்கிச்சு. ஓட்டத்துக்கு முந்திக் கார் நிண்ட இடம் மணல். மணல விட்டுக் கொங்கிறீட்டு ஓடுபாதையில ஏறின உடனே அவட இடது கை தன்ட பாட்டுல போய்ச் சிவப்புப் பிடியை மூடியிருக்கு. வயலால றோட்டுக்கு ஏறின மாதிரி.

காத்து அமுக்கினாலும் ஏத்திப் பிடிக்க எண்ணெய் வரல்ல, மெத்தெண்ட ஸ்பிறிங் அமுங்கி, முழு ஓட்டமும் அவ என்ட ரப்பர்க் கட்டையில குந்தி ஓடியிருக்கிறா. சாதாரண ஸ்பிறிங்கை விட மோசமான குத்து. துள்ளத் தொடங்கின உடனே ஏன் நிப்பாட்டல்ல எண்டு நான் கோபத்துலதான் கேட்டன்.

"நிப்பாட்டினா உங்கட சாமான் பழுது எண்டு எழுதிருவாங்க காக்கா. மறுகா ஆயுசுக்கும் விடமாட்டாங்க. அதான் பல்லைக் கடிச்சுக்கொண்டு வந்தன்."

எனக்குக் கண் கலங்கிட்டுது. பிடியை அந்த இடத்துல வச்சவன் நான். அவட முதுகுல குத்தினதும் நான் வச்ச கட்டை. அதைச் சொன்னன். அவ கையை ஆட்டி, போய்ச் சேரிட்டக் கதைங்க எண்டா.

தறப்பாளுக்குக் கீழ ஜெகன் சேர் முடிவு சொல்லத் தயாரா நிண்டார். வால்வு மூடிக் கிடந்ததால மெசின் ஒண்டும் செய்யல்ல, வெற்றி செல்லும் எண்டார். நிஸ்தார் முதலாளிக்கு முகம் கறுத்துப்போச்சு. நான் அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லிச் சுக்கூர் செய்யப் பாத்தன், அதுக்குள்ள சேர் மிச்சத்தையும் சொன்னார். சாமானைக் கழட்டிருங்க பாஸ், அது இல்லாமலே வெல்லலாம் எண்டு நீங்களே காட்டிட்டீங்க, இனி அதுக்கு என்ன தேவை எண்டு.

அந்த இடத்துல வாயை மூடியிருந்தா கோப்பையோட வீட்ட வந்திருக்கலாம். பதினெட்டு வருசம் மூடின வாய். என்னால ஏலாமப் போச்சு.

"சேர், மெசின்தான் ஓட்டும் எண்டு தடை போட்டீங்க. இண்டைக்கு அது நித்திரை, ஓட்டினது அவ. சரி, அது பொய் எண்டு ஆகிட்டுது. இப்ப தேவையில்ல எண்டு தடை போடுறீங்க. அந்தா வான்ல கிடக்கிறா. தேவையில்ல எண்டுறதை அந்த முதுகுகிட்டப் போய்ச் சொல்லுங்க."

ஜெகன் சேர் பேனையைத் திறந்தார், மூடினார். விதி என்ட கையில இல்ல பாஸ், சங்கத்துட கையில எண்டார். பச்சை மையால சுமதிட பேரை முதலாவதா எழுதினார். கோப்பையை நான்தான் போய் வாங்கினன். கையில பாரமே தெரியல்ல, அவ்வளவு ஆத்திரம்.

5. பேர் இல்லாத ஓட்டம்

மூண்டு மாசம் சுமதி படுத்தும் நடந்தும் தேறினா. அதுக்கிடையில சங்கம் கூடி ஒரு மனதாத் தீர்மானம் போட்டுது. அக்டிவ் சஸ்பென்ஷன் கூடாது. விரும்பினா அந்தக் கார் கடைசியில நிண்டு ஓடலாம், ஆனா இடமும் இல்ல, புள்ளியும் இல்ல, தாள்ல பேரும் இல்ல. கடிதத்தைக் கொண்டுபோய் நான் செட்டிபாளையத்துல அவட வீட்டு வாசல்ல நிண்டு வாசிச்சன். கோப்பையைத் திருப்பிக் குடுத்து இவங்கட முகத்துல கரியைப் பூசுவம் எண்டும் சொன்னன்.

அவ ஒத்துக்கொள்ளல்ல. "அது என்ட முதுகால வாங்கின கோப்பை, ஒருத்தருக்கும் குடுக்கமாட்டன். பேர் இல்லாட்டிப் போகுது. வால்வைத் திறந்து வச்சு நான் ஓடுவன். அவங்க இருந்து பாக்கட்டும்."

நான் சிவப்புப் பிடியைக் கழட்டி எடுத்தன். மூடுறதுக்கு இப்ப பின்பக்கம் ஒரு நட்டு, ஸ்பெனர் போட்டாத்தான் திரும்பும். ஆள்ட கைப்பழக்கத்தைக் கேக்காம அவருக்கு லேசா இருக்கும் எண்டு ஒரு சாமானையும் வைக்காதீங்க. கராஜ் வேலை பழகிறவங்களுக்கு நான் சொல்றது இதுதான். நான் அதைப் படிச்சது மற்றவங்கட முதுகுல.

அடுத்த ஓட்டம் அதே கதிரவெளி ஓடுபாதை. கொடி விழுந்திச்சு. நான் ஓரத்துல நிண்டு பாத்தன். அவட கார் மட்டும் கொங்கிறீட்டுல பூசின மாதிரிப் போகுது, முன்னால போறதெல்லாம் துள்ளுது. கடைசியில தொடங்கி மூண்டாவதா வந்தா. கடைசி ரெண்டு சுற்றுல டயர் தேஞ்சு போச்சு, மெத்தெண்ட டயரைப் போடச் சொன்னது அவவேதான், அந்தப் பிழைக்கு வால்வு என்ன செய்யும். மூடி வச்சு முதலாவது, திறந்து வச்சு மூண்டாவது. மெசின்தான் ஓட்டுது எண்டவங்க எல்லாரும் எங்க போனாங்க எண்டு தேடினன். நிஸ்தார் முதலாளி என்னைக் கண்டும் காணாத மாதிரித் தண்ணிப் போத்தலைத் திறந்துகொண்டிருந்தார்.

ஓட்டுநர்மார் ஒவ்வொருத்தரா இறங்கினாங்க. முதலாவதா வந்த பொடியன் இடுப்பைப் பிடிச்சுக்கொண்டு கார்ல சாஞ்சு நிண்டான். சுமதி ஸ்டியரிங்கைத் தானே கழட்டினா, பெல்ட்டை அவிழ்த்தா, ரெண்டு கையையும் ஊண்டி எழும்பினா. நான் கிட்டப் போனன், தேவையில்ல காக்கா எண்டு தலையாட்டினா. ஹெல்மெட்டைக் கக்கத்துல வச்சுக்கொண்டு மணலுக்குள்ளால நேரா ஜெகன் சேர்ட மேசைக்கு நடந்து போனா.

சேர் முடிவுத் தாள் எழுதிக்கொண்டிருந்தார். முதலாவது எழுதினார், ரெண்டாவது எழுதினார். மூண்டாவதுக்கு, சுமதிக்குப் பின்னால நாலாவதா வந்தவன்ட பேரை எழுத வேணும். சுமதி மேசைக்கு முன்னால நிண்டா. சேர் நிமிந்து அவவைப் பாத்தார், நாலு பேர் தூக்கினதைப் பாத்த மனிசன் அவர். தாளைத் திருப்பிற நேரம் முழங்கை பட்டுப் பச்சைப் பேனை உருண்டு மணல்ல விழுந்திச்சு.

சுமதி குனிஞ்சா. முழங்காலை மடக்காம, இடுப்பால குனிஞ்சு பேனையை எடுத்து, ஒட்டின மணலை விரலால தட்டி, அவர்ட கையில குடுத்தா.

"எழுதுங்க சேர்" எண்டா.